அத்தைக்கு வாங்கிய ஹைபிரிட்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை, எங்கள் பூஜை அறைக் கதவில் இரண்டு புது கோல்ஃப் மட்டைகள் சாய்ந்து நின்றன. ஒன்றின் தலை, பாதியாக அரிந்த பெரிய கொய்யாவைப் போல இருந்தது. இன்னொன்றின் தலை அதில் முக்கால் அளவுதான். தண்டும் கொஞ்சம் குட்டை. இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை லீவு முடிந்ததும் கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டியவள் நான். அதுவரை ஒரு கோல்ஃப் பந்தைக்கூட அடித்திராதவள். இரண்டு வருடமாகிறது. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. அன்று அது பயம் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால், அவ்வளவு சந்தோஷமான படபடப்பு என் வாழ்க்கையில் அதிகம் வந்ததில்லை.

மட்டை என் மாமியாருக்கு. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புக்காரக் குடும்பத்தில் பிறந்து, ஆர்.எஸ்.புரத்துக்கு மருமகளாக வந்தவர். கோல்ஃப் அவரிடம் மாமாவின் முதுகுவலி வழியாக வந்தது. மாமா தொழில் நண்பர்களுக்காகச் சேர்ந்த மைதானம் அது. டாக்டர் இனிக் குனிந்து நிமிரக் கூடாது என்று சொல்லிவிட்டார். கட்டிய சந்தா வீணாகக் கூடாதே என்று அத்தை தினமும் காலையில் அங்கே நடக்கப் போனார். ஒரு நாள் மாமாவின் பையிலிருந்து ஒரு மட்டையை உருவி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு பந்தை அடித்தார். பார்த்தவர்கள் கை தட்டினார்களாம். அதற்கு அப்புறம் ஆறு வருடம், சுடிதார், கேன்வாஸ் ஷூ, கொண்டைக்கு மேல் ஒரு வெள்ளைத் தொப்பி என்று வாரத்துக்கு மூன்று நாள் ஆடினார். மட்டைகள் எல்லாம் மாமாவினுடையவைதான். ஆண்களுக்கான கனத்த இரும்பு மட்டைகள். அவற்றை வைத்துக்கொண்டே அவர் நன்றாக ஆடினார், ஏழாவது குழியைத் தவிர.

அந்த மைதானத்தின் ஏழாவது குழிக்கு முன்னால் ஒரு குளம் இருக்கிறது. அதைத் தாண்ட வேண்டுமென்றால் பந்து நூற்றிருபது கஜமாவது காற்றிலேயே பறக்க வேண்டும். மாமாவின் நீள இரும்பு மட்டையால் அத்தை அடித்தால் பந்து தரையோடு ஓடி நேராகத் தண்ணீரில் போய் விழும். அதனால் ஆறு வருடமாக அவர் குளத்தைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தார். அப்படிப் போனால் பந்தை இரண்டு முறை கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும். விளையாட்டுக்கு ஆடும்போது அது யாருக்கும் பெரிதில்லை. ஆனால் அந்த வருடம் ஊட்டியில் பெண்களுக்கான ஒரு போட்டிக்கு மைதானத்திலிருந்து நாலு பேர் போவதாக இருந்தது. மூன்று பேர் முடிவாகிவிட்டது. நாலாவது இடத்துக்கு அத்தையும், அவரைவிட இருபது வயது இளைய ஒரு பல் டாக்டரும். விஜயதசமி முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒன்பது குழி ஆட வேண்டும், அடிகள் குறைவாக எடுத்தவர் போகலாம் என்று அணித் தலைவி சொல்லிவிட்டார். மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டில் தெலுங்கு, வெளியே குழைவான கோயமுத்தூர்த் தமிழ். “தப்பா நெனைக்காதீங்கக்கா. ஊட்டியில நெடுக மேடும் பள்ளமுங்க. சுத்திப் போற ஆட்டம் அங்க ஆகாதுங்க” என்று அவர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் அத்தை சொன்னார்: “கல்யாணமாயி முப்பத்தி நாலு வருசத்துல நான் தனியா எந்த ஊருக்கும் போனதில்ல கண்ணு. போனாலும் பொறந்த ஊடு. அங்க போயும் அடுப்படிதான். இந்த ஊட்டிக்கு எப்புடியாச்சும் போயிரோணும்.” அவர் இப்படி எதையாவது வேண்டும் என்று சொல்லி நான் அதுவரை கேட்டதே இல்லை. அப்புறம்தான், ஏழாவது குழிக்கு ஹைபிரிட் என்று ஒரு மட்டை இருந்தால் போதும் என்று அங்கே எல்லோரும் சொல்வதாகச் சொன்னார். இரும்பு மட்டையைப் போலப் பிடித்து அடிக்கலாம். தலை மட்டும் கொஞ்சம் உருண்டிருப்பதால் பந்தைச் சுலபமாக மேலே தூக்கிவிடும். “பம்புக்கு பேரிங்கெல்லாம் பாத்துப் பாத்து வாங்கறவ, எனக்கொரு ஸ்டிக்கு வாங்கித் தர மாட்டியா? வெல மட்டும் சாஸ்தியாப் போகக் கூடாது, சொல்லிப்போட்டேன்.”

நான் ஒரு பம்பு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை செய்கிறேன். எதை வாங்குவதென்றாலும் நாலு கொட்டேஷன் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். பாப்பாவுக்கு டயப்பர் வாங்கவே அப்படி ஒரு தாள் போட்டவள். பதினோரு ஹைபிரிட்களை வரிசையாக எழுதினேன். தலையின் அகலம், முகப்பின் சாய்வு, தண்டின் கனம், வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கட்டம் கட்டமாக நிரப்பினேன். மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அதுவே. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “டெண்டர் எப்பத் தெறக்கறீங்க மேடம்?” என்றார். மாமா செய்தித்தாளை இறக்காமலேயே சொன்னார்: “எதுக்கு இத்தன பாடு? தோப்புல உளுந்து கெடக்கற மட்டைல ஒண்ணச் செதுக்கிக் குடுத்தா ஆகாதா?” அத்தை சமையலறையிலிருந்தே பதில் சொன்னார். “உங்க பையில இருக்கறதெல்லாம் அதாட்டத்தானுங்க இருக்குது. ஆறு வருசமா அதத்தான் தூக்கிச் சொமக்கறேன்.”

பதினொன்று, ஐந்தாகி, இரண்டாகியது. எல்லா விமர்சனங்களும் ஒன்றையே சொல்லின: புதியவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெரிய தலை, அது தவறாக அடித்தாலும் மன்னிக்கும். சின்னத் தலை நன்றாக ஆடுகிறவர்களுக்கு மட்டும். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மன்னிக்கும் பொருள் எதுவாக இருந்தாலும் எனக்குப் பிடிக்கும். ஆனால் மைதானத்துக் கடைக்குப் போனபோது அத்தை சின்னதைத்தான் முதலில் கையில் எடுத்தார். “இது களை வெட்டற களக்கொத்தாட்ட இருக்குது. புல்லுக்குள்ள சிக்காமப் போகும்” என்றார். கடைக்காரர், “அது போன வருசத்து மாடலுங்க, கேப்பாரில்ல. பாதி விலைக்கே தாரேன்” என்றார். விலை குறைவு என்றதும் எனக்குச் சந்தேகம் கூடியது. கடைசியில் அவரே, “லீவுல ரெண்டையும் கொண்டுபோய் அடிச்சுப் பாருங்க. வேண்டாததத் திருப்பிக் குடுங்க” என்று கொடுத்தனுப்பினார்.

இங்கே நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஊட்டிப் போட்டி வியாழன், வெள்ளி. அதே வியாழன், வெள்ளியில் எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆய்வுக்கு வருவதாக மெயில் வந்திருந்தது. என் பிரிவின் காகிதங்கள் எல்லாம் என் பொறுப்பு. பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. நான் வேலைக்குப் போவதே அத்தை பார்த்துக்கொள்வதால்தான். மாமாவால் அவளைத் தூக்க முடியாது. கணவருக்கு சோமனூரில் நூல் வியாபாரம். விசைத்தறிக்காரர்கள் வரும் நேரத்தில் கடையை மூட முடியாது. பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் பெரிய ஆய்வுக்கே வரவில்லை என்றால் என்ன நினைப்பார்கள்? நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அத்தை தேர்வாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்கு அடியில் வேறொரு நினைப்பும் இருந்தது. தேர்வாகாவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை.

ஆயுத பூஜையன்று அத்தை சுண்டல் தாளித்துக்கொண்டிருந்ததால் பொட்டு வைக்கும் வேலை என்னிடம் வந்தது. கார், ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின், என் லேப்டாப், மாமாவின் கால்குலேட்டர். எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். கடைசியில் அந்த இரண்டு மட்டைகள். தலையின் மேற்புறம் கறுப்பாகப் பளபளவென்று இருந்தது; சந்தனம் வழுக்கியது. திருப்பிப் பார்த்தேன். பந்தை அடிக்கும் முகப்பு தட்டையாக, மெல்லிய கோடுகள் போட்டு, சந்தனத்துக்கென்றே செய்ததுபோல இருந்தது. இரண்டிலும் முகப்பின் நட்டநடுவில், அளந்து வைத்ததுபோல, ஒரு சின்ன சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். அழகாக இருக்கிறது என்று போட்டோகூட எடுத்தேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்துத் தொழில் தொடங்கும் நாள். பாப்பாவைக் கணவரிடம் விட்டுவிட்டு அத்தையும் நானும் காலையிலேயே மைதானத்துப் பயிற்சித் திடலுக்குப் போனோம். பையிலிருந்து பெரிய மட்டையை உருவிய அத்தை, முகப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏங்கண்ணு, அடிக்கற எடத்துலயா வெச்ச?” திருப்பிக் கொடுக்க வேண்டிய மட்டை. கோடுகளுக்குள்ளே சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அத்தை கையை நீட்டித் தடுத்தார். “சாமிக்கு வெச்ச பொட்ட நாமளாத் தொடைக்கக் கூடாது. அடிச்சா அதுவே போயிரும், உடு.”

பெரியதில் பத்து, சின்னதில் பத்து அடித்தார். பக்கத்திலிருந்து பார்த்த எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தது. திடலில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான பந்துகள் கிடந்ததால், எங்கள் பந்து எங்கே விழுந்தது என்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அத்தை பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். “எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டத்தான் தெரியுது. நீ படிச்சுப் பாத்துச் சொன்னியே, அந்தப் பெருசையே வெச்சுக்கலாம் கண்ணு.” சரிங்க அத்தை என்று சொல்லிவிட்டு, மட்டைகளைத் துடைத்துப் பையில் வைக்கப் போனேன்.

பெரிய மட்டையைத் திருப்பினேன். பொட்டு அப்படியே இருந்தது. குங்குமம்கூடச் சிந்தவில்லை. முகப்பின் வெளி ஓரத்தில் மட்டும், நுனிக்குப் பக்கத்தில், பந்து பட்ட வெளிறிய தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. சின்ன மட்டையைத் திருப்பினேன். பொட்டைக் காணோம். நடுவில் ஒரு மஞ்சள் தீற்றல், கோடுகளில் கொஞ்சம் சிவப்பு. அவ்வளவுதான். எனக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. பெரியதில் பத்தில் ஒரு அடிகூட நடுவில் படவில்லை. சின்னதில் பட்டிருக்கிறது. பதினோரு மட்டைகளுக்குக் கட்டம் போட்ட என் தாளில் இல்லாத ஒரே கட்டம் இது: என் அத்தையின் கை.

துணி என் கையில் இருந்தது. அத்தை தொப்பியால் விசிறிக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு முறை துடைத்தால் போதும். பெரிய மட்டையோடு ஞாயிற்றுக்கிழமை ஆடுவார், பந்து குளத்தில் விழும், பல் டாக்டர் ஊட்டிக்குப் போவார், நான் ஆய்வுக்குப் போவேன். யாருக்கும் எதுவும் தெரியாது. எல்லா விமர்சனங்களும் என் பக்கம்தான் இருந்தன. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. துடைக்கலாமா என்று யோசித்தேனா, அல்லது யோசித்துவிட்டேனோ என்று பயந்தேனா என்பதை எத்தனையோ முறை எனக்குள்ளே விசாரித்துப் பார்த்துவிட்டேன், விடை வரவில்லை. “அத்தை, இதப் பாருங்க” என்று என் குரல் எனக்கே கேட்டது.

அத்தை இரண்டு மட்டைகளையும் மடியில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். “பத்து அடி அடிச்சும் குங்குமம் சிந்தாம பாத்துக்கிட்டிருக்கேனே, எத்தன பதனமான கை பாரு.” கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் பெரிய மட்டையை அத்தையின் பக்கத்தில் நிறுத்தி அளந்துவிட்டு, “உங்க ஒசரத்துக்கு இந்தத் தண்டு நீளமுங்கம்மா. அதான் வெலகிப் படுது. சின்னது சரியா நிக்குது பாருங்க” என்றார். சந்தனத்துக்காக நான் மன்னிப்புக் கேட்டதும், சுவரில் மாட்டியிருந்த அத்தனை மட்டைகளையும் காட்டினார். எல்லாவற்றுக்கும் பொட்டு. ஆனால் பிடியில். “முன்ன ஒருக்கா நானும் அங்கதானுங்க வெச்சேன். பொறவு பல்லு வெளக்கற பிரஷ்ஷப் போட்டுத் தேச்சேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஆறு குழி முடிந்தபோது அத்தை டாக்டரைவிட ஓர் அடி பின்தங்கியிருந்தார். ஏழாவதில் டாக்டரின் முதல் பந்து வெட்டிய புல்லின் நடுவில் போய் உட்கார்ந்தது. அத்தையினுடையது இடது பக்கம் உயரப் புல்லுக்குள் போய் விழுந்தது. மழைக்குப் பிறகு தழைத்த புல். பந்தின் மேல் பாதிதான் வெளியே தெரிந்தது. அணித் தலைவி, “சுத்தியே போயிருங்கக்கா, ரிஸ்க்கு வேண்டாமுங்க” என்றார். குளக்கரையில் நின்றிருந்த நான் இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தேன். சின்னத் தலைதான் சரி என்று சொன்னவள் நான். பொட்டு போனது தற்செயலாக இருந்தால்? ஒரே ஒரு முறை நடுவில் பட்டாலும் பொட்டு போயிருக்குமே, மற்ற ஒன்பதும் வேறெங்காவது பட்டிருந்தால்? இந்த யோசனை எனக்கு அப்போதுதானா வர வேண்டும்?

அத்தை சின்ன மட்டையை எடுத்தார். களையெடுக்கக் குனிபவரைப் போல முழங்காலைக் கொஞ்சம் மடித்து நின்றார். அவசரமே இல்லாத ஒரு வீச்சு. புல் அறுபடும் சத்தம் கேட்டது, பிறகு பந்து. அது மேலே போனது. அத்தையின் மட்டையிலிருந்து ஒரு பந்து அவ்வளவு உயரத்துக்குப் போய் நான் பார்த்ததே இல்லை. குளத்தின் நடுவில் அதன் நிழல் ஓடியது. எதிர்க் கரையின் சரிவில் விழுந்தது, உருண்டு தண்ணீரை நோக்கி ஓர் அடி கீழே வந்தது, ஒரு புல் திட்டில் மாட்டி நின்றது.

அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். தூரக் கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். “தாண்டிருச்சா கண்ணு?”

“தாண்டிருச்சுங்க அத்தை” என்றேன். இரண்டாவது முறை சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது நான் குதித்துக்கொண்டிருந்ததாக டாக்டர் பிற்பாடு சொன்னார். அவர் அடுத்து அடித்த பந்து தண்ணீரில் விழுந்தது. ஒன்பதாவது முடிந்தபோது அத்தை ஓர் அடியில் ஜெயித்திருந்தார். டாக்டர்தான் முதலில் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, “அந்த ஸ்டிக்க ஒருக்கா எனக்கும் குடுங்கம்மா” என்று கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, சிக்னலில் கார் நின்ற நேரத்தில், ஆய்வைப் பற்றிச் சொன்னேன். அத்தை வெளியே பார்த்தபடி, “தெரியும்” என்றார். “நீ காலைல போன்ல பேசறது சமையக்கட்டு வரைக்கும் கேக்குது. நீயா வந்து, போக வேண்டாமுங்க அத்தைன்னு கேப்பியான்னு பாத்துட்டே இருந்தேன். கேக்கல.” சிக்னல் பச்சையானது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு கியர் மாற்றத் தெரியாமல் போய்விட்டது.

“கேட்டிருந்தா போயிருக்க மாட்டீங்களா அத்தை?”

“அன்னிக்குக் கேட்டிருந்தா போயிருக்க மாட்டேன்” என்றார் அத்தை. “இப்பக் கேட்டாலும் போயிருவேன். வண்டிய எடு.”

கணவர் இரண்டு நாள் சோமனூருக்குப் போகவில்லை. தறிக்காரர்கள் போனில் சத்தம் போட்டதைக் கேட்டுப் பாப்பா அதே போலச் சத்தம் போடக் கற்றுக்கொண்டாள். மாமா வாழ்நாளில் முதல் முறையாகப் பால் காய்ச்சினார்; பாத்திரத்தின் அடி பிடித்தது. நான் ஆய்வில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தாளைத் தேடி எடுக்கத் தாமதமானதற்கு மேலே யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நடு நடுவே அத்தைக்கு ஏழு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. பனிக்குச் சரியான ஸ்வெட்டர் எடுத்தாரா, மாத்திரை போட்டாரா, மலைப்பாதையில் வாந்தி வந்ததா, தோற்றிருந்தால் என்ன செய்வார் என்று மனம் ஒவ்வொன்றாய் அடுக்கிக்கொண்டே போனது. பொழுது சாயும் நேரத்தில் அவரே கூப்பிட்டார். பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம். ஜெயித்தீர்களா என்று கேட்டேன்.

“இங்க குளிரு நெம்ப எச்சா இருக்குது கண்ணு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நம்ப முடியாத ஒன்றைச் சொல்பவரைப் போலச் சொன்னார்: “காலைல இருந்து எங்கிட்ட யாருமே காப்பி கேக்கல.”

அணி கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்தது. அடுத்த வருடம் ஓரிடம் மேலே. இன்று விடிகாலையில் மூன்றாவது முறையாக, அதே மூன்று பேரோடு, காரின் முன் இருக்கையில் உட்கார்ந்து ஊட்டிக்குப் போயிருக்கிறார். பாப்பாவைப் பற்றியோ, மாமாவின் மாத்திரையைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது மாலை ஐந்து மணி. அத்தையிடமிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. நான் போனை இரண்டு முறை கையில் எடுத்து, இரண்டு முறையும் திருப்பி வைத்துவிட்டேன்.